முகம் தெரியாதவரோடு அமெரிக்க அரசியல் பேசி மல்லுக்கட்டும் முன்

போன வாரம் டாலஸுக்கு வந்து இறங்கிய தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: துப்பாக்கி, கருக்கலைப்பு, எச்-1பி வேலை விசா என்று இங்கே இணையத்தில் தினமும் ஒரு சண்டை ஓடுகிறதே, அதில் நாமும் இறங்கிப் பேசலாமா, பேசினால் விசாவுக்கு ஏதாவது ஆகுமா என்று. இரண்டு வரியில் பதில் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. நான் வந்து பதினொரு வருடம் ஆகிறது. இன்னும் எச்-1பிதான், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன்.

எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 மே 24 அன்று டெக்சாஸில் யுவால்டி என்ற சின்ன ஊரின் தொடக்கப்பள்ளிக்குள் 18 வயதுப் பையன் ஒருவன் ஏஆர்-15 வகைத் துப்பாக்கியோடு புகுந்து 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றான். என் மகள் அப்போது கிண்டர்கார்டனில் இருந்தாள். அதற்குச் சில வாரம் முன்னால்தான் அவள் பள்ளியில் லாக்டவுன் ஒத்திகை, அதாவது யாராவது துப்பாக்கியோடு புகுந்தால் எப்படி ஒளிந்துகொள்வது என்ற பயிற்சி, நடந்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "லைட்டை ஆஃப் பண்ணிட்டு ஷெல்ஃப் பின்னாடி உட்கார்ந்தோம்மா. சத்தமே வரக்கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க. என் ஷூல லைட் எரியும்ல, அதை நான் கையால மூடிக்கிட்டேன்." யுவால்டி செய்தி வந்த இரவு எனக்கு அந்த ஷூதான் கண் முன்னால் நின்றது. தூக்கம் வரவில்லை. யாரோ ஒருவர் "பிரச்சினை துப்பாக்கியில் இல்லை" என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் பொறுக்க முடியாமல் பதில் போட்டேன். மூன்றாவது வரியில் "ஏஆர் என்றால் அசால்ட் ரைஃபிள், அந்த ஆட்டோமேட்டிக் துப்பாக்கியை 18 வயதுப் பையனுக்கு விற்கிறார்கள்" என்று எழுதினேன்.

இரண்டுமே தப்பு. ஏஆர் என்பது ஆர்மலைட் என்ற கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது. அந்தத் துப்பாக்கி செமி ஆட்டோமேட்டிக், விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு. முழு ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளில் 1986 மே மாதத்துக்குப் பிறகு தயாரானவற்றைப் பொதுமக்கள் வைத்துக்கொள்ளவே சட்டம் விடாது. எனக்கு இதெல்லாம் தெரியாது. அதற்கப்புறம் இரண்டு இரவு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள், ஒன்றுமே தெரியாத வெளிநாட்டுக்காரி என்றார்கள், நானும் சும்மா இருக்காமல் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். அந்தப் பேச்சு முழுவதிலும் 19 குழந்தைகளைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. நானும்தான் எழுதவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது என்னவென்றால், நமக்கு நேற்று வந்த செய்தியாகத் தெரிவது இவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக நடக்கும் வழக்கு. துப்பாக்கி உரிமை சொல்லும், அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் 1791இல் வந்தது. அது தனிமனிதருக்கும் உள்ள உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான் சொன்னது. 2022இல், யுவால்டி நடந்து ஒரு மாதம்கூட ஆகாதபோது, புரூயன் வழக்கில் அந்த உரிமையை இன்னும் விரித்தது. எதிரில் பேசுகிறவர் இதையெல்லாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். "கன் கன்ட்ரோல்" என்று சொன்னால் நீங்கள் எந்தப் பக்கம், "கன் சேஃப்டி" என்று சொன்னால் எந்தப் பக்கம் என்று ஒரு சொல்லிலேயே எடை போட்டுவிடுவார். நமக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இன்னொன்று இருக்கிறது, அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன். நாம் அதை இடஒதுக்கீடு என்று மொழிபெயர்த்துக்கொண்டு, 69 சதவீதத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசப் போகிறோம். ஆனால் இங்கே கல்லூரியில் இத்தனை இடம் இந்த இனத்துக்கு என்று ஒதுக்குவதை 1978இலேயே பாக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு இருந்ததெல்லாம், பல அம்சங்களில் ஒன்றாக இனத்தையும் கல்லூரி கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான். அதையும் 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கில் முடித்துவைத்தார்கள். இடஒதுக்கீட்டை ஆதரிப்பவரும் சரி, எதிர்ப்பவரும் சரி, ஊரில் பேசிய அதே வாதத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தால் இங்கே அது எதிலும் பொருந்தாது. நம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் 1951இல் வந்தது, மெட்ராஸ் மாகாணத்து ஒதுக்கீட்டை ரத்து செய்த செண்பகம் துரைராஜன் வழக்குக்குப் பிறகு ஒதுக்கீட்டுக்கு வழிவிட்டது, கூடவே பேச்சுரிமைக்குக் கூடுதல் கட்டுப்பாடும் போட்டது. இவர்களுடைய முதல் திருத்தமோ பேச்சுரிமையில் அரசு கைவைக்கக்கூடாது என்கிறது. பெயர் ஒன்றுதான், வந்த வழி வேறு.

கருக்கலைப்பிலும் இதே கதை. இந்தியாவில் 1971லிருந்து சட்டம் இருக்கிறது, அதில் என்ன இவ்வளவு சண்டை என்று நமக்கு ஆச்சரியமாக இருக்கும். இங்கே 1973இல் ரோ வழக்கில் கிடைத்த உரிமையை 2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில் எடுத்துவிட்டார்கள், இப்போது மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெக்சாஸில் ஏறக்குறைய முழுத் தடை. புதிதாகக் கல்யாணமாகி இங்கே வருகிறவர்கள் சண்டைக்காக இல்லாவிட்டாலும் தங்களுக்காக இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கருக்கலைப்புக்கு உதவியவர் மீது எந்தத் தனிநபரும் வழக்குப் போடலாம் என்ற சட்டம் 2021 செப்டம்பரிலிருந்து இந்த மாநிலத்தில் இருக்கிறது. வாக்குவாதத்தின் நடுவில் இரக்கப்பட்டு, முகம் தெரியாத பெண்ணுக்கு "நான் ஏற்பாடு பண்ணித் தருகிறேன்" என்று எழுதிவிடாதீர்கள்.

சரி, விசா விஷயத்துக்கு வருகிறேன். விசாவுக்கு நிரப்பும் டிஎஸ்-160 படிவத்தில், கடந்த ஐந்து வருடத்தில் நீங்கள் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளை 2019லிருந்து கேட்கிறார்கள். 2023 டிசம்பரில் ஸ்டாம்பிங்குக்காக, அதாவது பாஸ்போர்ட்டில் புது விசா வாங்க, சென்னைக்குப் போனபோது, அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பகுதியை நிரப்பினேன். யுவால்டி இரவுகளில் எழுதிய அத்தனையையும் அப்போது ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். குழந்தைகளுக்காகப் பேசியது ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை, ஆனால் இரண்டாம் நாள் ராத்திரி எரிச்சலில் "இந்த நாடே இப்படித்தான்" என்று ஆரம்பித்து எழுதியது நான்கைந்து இருந்தது. நேர்காணல் அன்று ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கத் தூதரக வரிசையில் நின்றபோது வயிறு கலங்கியது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, விசா வந்தது. ஆனால் இப்போது காலம் மாறிவிட்டது. 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்களும், டிசம்பர் 15லிருந்து எச்-1பியும் அவர்கள் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவும் கேட்பவர்களும் தங்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். புனைபெயரில் வைத்திருக்கிறேனே என்பதும் உதவாது, அந்தக் கணக்கையும் படிவத்தில் சொல்ல வேண்டும். தயவுசெய்து மறைக்காதீர்கள். எழுதிய கருத்தைவிடப் படிவத்தில் சொல்லும் பொய்தான் பெரிய சிக்கல்.

பேச்சுரிமை நமக்கும் உண்டு என்று சிலர் சொல்வார்கள். இங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்கும் அது உண்டு என்று நீதிமன்றங்கள் சொல்லியிருப்பது உண்மை. ஆனால் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த துருக்கி மாணவி ஒருவர், காசா பற்றிக் கல்லூரிப் பத்திரிகையில் 2024இல் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். 2025 மார்ச்சில் அவரைத் தெருவில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். நீதிபதி உத்தரவிட்டு மே மாதம் வெளியே வந்தார். ஆறு வாரத்துக்கும் மேல் உள்ளே இருந்தார். உரிமை இருந்தது, ஆனால் அது கைக்கு வந்து சேர அத்தனை நாள் ஆனது. இன்னொன்று, முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. உங்கள் கம்பெனியை அது கட்டுப்படுத்தாது. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் ஊழியரின் அரசியல் ஈடுபாட்டுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. டெக்சாஸில் தனியார் வேலை என்றால், யாரோ உங்கள் பதிவைப் படம் பிடித்து மேலாளருக்கு அனுப்பினால் அவர் வேலையை விட்டு அனுப்பலாம். வேலை போனால் எச்-1பிக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம்.

பண விஷயமும் ஒன்று இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. வாதம் சூடாகும்போது கீழே நன்கொடை இணைப்புகள் வரும். "ஐந்து டாலர் கொடுங்கள், இவரைத் தோற்கடிப்போம்." குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் அமெரிக்காவில் எந்தத் தேர்தலுக்கும் பணம் கொடுக்கக்கூடாது. நகரசபைத் தேர்தலுக்குக்கூட. வேட்பாளரின் பிரச்சாரக் குழு விற்கும் தொப்பியையோ டி-ஷர்ட்டையோ வாங்கினாலும் அது நன்கொடைக் கணக்குதான். அதேபோல் வாக்காளர் பதிவு. டெக்சாஸில் டிரைவிங் லைசென்ஸ் விண்ணப்பத்திலேயே வாக்காளராகப் பதிய வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும், அவசரத்தில் ஆமாம் என்று போட்டுவிடாதீர்கள். இணையத்தில் யாராவது அனுப்பும் பதிவு இணைப்பையும் தொடாதீர்கள். பல வருடம் கழித்துக் குடியுரிமைக்கு என்-400 படிவம் நிரப்பும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா, வாக்களித்தீர்களா என்று கேட்பார்கள். 2024 நவம்பரில் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து என் சித்தி போன் பண்ணி, "நம்ம துளசேந்திரபுரத்துப் பொண்ணுக்குத்தானே ஓட்டுப் போட்டே?" என்று ஆசையாகக் கேட்டார். கமலா ஹாரிஸின் தாத்தா ஊர் அது. எனக்கு இங்கே ஓட்டே கிடையாது சித்தி என்று சொன்னதை அவர் நம்பவே இல்லை.

எச்-1பி சண்டை வேறு மாதிரி, ஏனென்றால் அதில் பேசப்படுவது நாம். 2024 டிசம்பரில் சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை வெள்ளை மாளிகையின் ஏஐ ஆலோசகராக டிரம்ப் அறிவித்தார், அதிலிருந்து ஒரு வாரம் இந்தியர்களைப் பற்றி வந்தவை படிக்கக் கூசும். தோழி ஒருத்தி தாங்க முடியாமல் "அமெரிக்கர்கள் சோம்பேறிகள், நாங்கள் இல்லாவிட்டால் உங்கள் கம்பெனிகள் ஓடாது" என்று எழுதிவிட்டாள். ஒரு மணி நேரத்தில் அந்த வரி படமாகி, "இவர்கள் நம்மைப் பற்றி நினைப்பது இதுதான்" என்ற தலைப்போடு எங்கெங்கோ சுற்ற ஆரம்பித்தது. அவளுடைய கோபம் எனக்குப் புரிந்தது, இப்போதும் புரிகிறது. ஆனால் எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் வெறுப்பில் பேசுபவர்கள் இல்லை. 2015இல் ஆர்லாண்டோவில் டிஸ்னி சுமார் 250 ஊழியர்களை நிறுத்தியது. அவர்களில் பலர், தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்குத் தாங்களே வேலை சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வெளியேறினார்கள். வந்தவர்களில் எச்-1பி விசாவில் இருந்தவர்கள் நம்மவர்கள். அப்படி வேலை இழந்த ஒருவரிடம் நீ சோம்பேறி என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? வேலை வழி கிரீன் கார்டு வருடத்துக்கு சுமார் 1,40,000 என்பதும், ஒரு நாட்டுக்கு 7 சதவீத உச்சவரம்பு என்பதும் பெரும்பாலான அமெரிக்கர்களுக்குத் தெரியாது. அதை அமைதியாக ஒரு முறை எழுதலாம், எழுதியபின் விட்டுவிட வேண்டும்.

எதிரில் இருப்பவர் அமெரிக்கர்தானா என்பதும் நிச்சயமில்லை. 2025 நவம்பரில் எக்ஸ் தளம் ஒவ்வொரு கணக்கும் எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது என்று காட்ட ஆரம்பித்தபோது, கொடியும் கழுகும் வைத்து அமெரிக்க அரசியலை அனல் பறக்கப் பேசிய கணக்குகள் பல வேறு கண்டங்களிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. எத்தனை ராத்திரி யார் யாருக்கோ தூக்கம் கெட்டிருக்கும்.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று சொல்லமாட்டேன். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, நாம் வரி கட்டும் ஊர். பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசுவதற்கென்றே நேரம் ஒதுக்குவார்கள், முன்கூட்டியே பெயர் கொடுத்தால் போதும். என் மகள் முதல் வகுப்பில் இருந்தபோது போனேன். மூன்று நிமிடம் தந்தார்கள். துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, லைட் எரியும் ஷூவைப் பற்றிச் சொன்னேன், ஒத்திகை நடக்கும் விஷயத்தை நடந்து முடிந்த பிறகு சொல்லாமல் முந்தின நாளே பெற்றோருக்குச் சொல்லுங்கள் என்று கேட்டேன். எழுதி எடுத்துப்போனதால் குரல் நடுங்கினாலும் தடுமாறவில்லை. எனக்கு அடுத்துப் பேசியவர் இடுப்பில் துப்பாக்கி உறையின் தடம் பதிந்த பெல்ட் போட்டிருந்த பெரியவர், தன் பேரனுக்கும் அதே ஷூதான் என்றார். அந்த வருடம் முதல் முந்தின நாள் மாலை செய்தி வருகிறது. போக நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், அன்று வாசலில் கொடுத்த படிவத்தில் பெயர், முகவரி, பேசப்போகும் விஷயம் இவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். என்ன விசா என்று கேட்கவில்லை.