வங்காளத்தின் பாவுல், சௌ, ஜாத்ரா மூன்றும் ஒரே மேடையில் பொருந்துமா?

துவாரகைத் தமிழன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தில்லி துவாரகையில் நான் குடியிருக்கும் கூட்டுறவு சொசைட்டியில் ஆண்டுதோறும் பிப்ரவரிக் கடைசியில் ஒரு கலைவிழா நடத்துகிறோம். தமிழர், மலையாளிகள், பஞ்சாபியர், ஒடியர், வங்காளிகள் எனப் பல மொழிக் குடும்பங்கள் இருப்பதால், மொழிக்கு 20 நிமிடம் என்பது எழுதப்படாத விதி. நம் பிள்ளைகள் ஒரு கும்மியையும் ஒரு பரதநாட்டிய உருப்படியையும் ஆடி அந்த நேரத்தை நிறைவு செய்துவிடுவார்கள். வங்காளிகள் இதுவரை தாகூரின் பாடல்களான ரவீந்திர சங்கீதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்த முறை அவர்கள் பீர்பூம் மாவட்டத்திலிருந்து பாவுல் எனப்படும் நாடோடி ஆன்மிகப் பாடகர்களையும், புருலியாவிலிருந்து முகமூடி அணிந்து ஆடும் ஒரு சௌ நடனக் குழுவையும் வரவழைத்து, அவற்றோடு ஜாத்ரா என்னும் வங்காள நாட்டுப்புற நாடகம் ஒன்றையும் குடியிருப்பினரே நடித்துச் சிறியதாகப் போட விரும்புகிறார்கள். செலவை அவர்களே ஏற்கிறார்கள். கேட்பது நேரமும் இடமும் மட்டுமே.

விழாக் குழுவில் ஒரு தரப்பு, மூன்றையும் 20 நிமிடத்துக்குள் சுருக்கிக்கொள்ளட்டும் என்கிறது. மற்றொரு தரப்பு, கிராமத்துக் கூத்தை எதற்காக இவ்வளவு தூரம் அழைத்து வர வேண்டும், ரவீந்திர சங்கீதமே போதுமே என்கிறது. இப்படிச் சொல்பவர்களில் நம்மவர்களும் உண்டு என்பதைச் சற்றுச் சங்கடத்தோடுதான் எழுதுகிறேன். இக்கலைகளை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: இவற்றை அந்த நேரத்தில் அடக்க முடியுமா? எங்களிடம் இருப்பது கூடைப்பந்துத் தளத்தில் ஷாமியானா போட்டு, ஒரு பக்கம் மட்டும் திறந்த பலகை மேடை. அது மூன்றுக்கும் பொருந்துமா?

பழைய கரோல்பாக் எழுதியது:

ஐயா, ரவீந்திர சங்கீதம் போதும் என்பவர்களுக்கு முதலில் ஒரு செய்தி. வங்கப் பிரிவினையை எதிர்த்து ரவீந்திரர் 1905இல் எழுதி, இன்று வங்கதேசத்தின் தேசிய கீதமாக இருக்கும் பாடலின் மெட்டு, ககன் ஹர்காரா என்ற தபால்காரரின் பாவுல் பாட்டிலிருந்து வந்தது. ஊற்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதன் நீரை மட்டும் சபையில் வைத்துக் கொண்டாடுவது எந்த வகை நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. நம் பக்கத்துக்கும் அவர் கடன்பட்டவர்தான்: முத்துசுவாமி தீட்சிதரின் ‘மீனாக்ஷி மே முதம்’ கிருதியின் மெட்டில் அமைந்ததே ‘பாசந்தி ஹே புவனமோகினி’ என்ற அவருடைய பாடல். உங்கள் தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவர் கிருதியின் பல்லவியைப் பாட, வங்காளிப் பிள்ளை ஒருவர் அந்தப் பாடலைத் தொடர்ந்தால் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். அதைக் கேட்டபின் ‘நம்மவர்’ வாதம் கொஞ்சம் தணியக்கூடும்.

பாவுல் பாட்டு நமக்கு அந்நியமானதும் அன்று. கோயிலிலும் மசூதியிலும் தேடுவதை உன் உடம்புக்குள் தேடு என்பதும், சாதியைக் கேள்வி கேட்பதும், குருவிடம் பயின்றவருக்கே திறக்கும் மறைபொருளில் பாடுவதும் சித்தர் பாடல்களோடு வளர்ந்தவர்களுக்குப் பழகிய வழி. 1890இல் மறைந்த பாவுல் பாடகர் லாலன் ஃபக்கீரை இந்துக்களும் முஸ்லிம்களும் தத்தம் ஆளாக உரிமை கொண்டாடியதற்கு, தம் சாதி மதத்தை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லாததே காரணம். நாம் பொங்கல் வைக்கும் மகர சங்கராந்தியை ஒட்டித்தான் பீர்பூமின் கெந்துலியில், ஜெயதேவர் பெயரால் நடக்கும் மேளாவில் பாவுல்கள் கூடி விடிய விடியப் பாடுகிறார்கள். கரோல்பாக்கில் நம் பஜனை கோஷ்டிகள் அஷ்டபதி பாடுவதும் அதே ஜெயதேவருடையதுதானே! (ஜெயதேவர் பிறந்த ஊர் எங்களிடம் இருக்கிறது என்று ஒடியர்களும் சொல்வார்கள், விழா மேடையில் அந்த வழக்கைத் தொடாமல் இருப்பது நல்லது.)

நேரத்தைப் பற்றிச் சொன்னால், பாவுலுக்கு 40 நிமிடமாவது வேண்டும். முதல் பாட்டு பெரும்பாலும் குரலும் கேட்பவர்களும் ஒருவருக்கொருவர் பழகிக்கொள்வதற்கானது. இரண்டாவது பாட்டில்தான் பாடகர் எழுந்து சுழலத் தொடங்குவார். பாட்டுகளின் பட்டியலை முன்கூட்டியே எழுதி வாங்கி அச்சடிக்காதீர்கள். எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்தே அடுத்த பாட்டை முடிவு செய்வார்கள்.

ஒலிப்பலகை எழுதியது:

தில்லியில் விழா மேடைகளுக்கு ஒலி ஒளி அமைக்கும் வேலையில் இருக்கிறேன். எனவே மேடை பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சௌ நடனத்தைக் கூடைப்பந்துத் தளத்தில் ஆடச் சொல்லாதீர்கள். புருலியா சௌவில் ஆட்டக்காரர் காற்றில் எழும்பிச் சுழன்று இரண்டு முழங்கால்களாலும் தரையில் வந்து விழுவார். மண் தரைக்காகவே வளர்ந்த ஆட்டம் அது. சிமென்ட் தளத்தில் முழங்கால் போய்விடும், பலகை மேடையிலோ பலகையே போய்விடலாம். உங்கள் சொசைட்டியின் பூங்காவில் புல் தேய்ந்த இடம் ஒன்று நிச்சயம் இருக்கும். முதல்நாள் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, நடுவில் ஒரு வட்டத்தைக் காலியாக விட்டு, சுற்றிலும் ஜமக்காளம் விரித்து மக்களை உட்கார வையுங்கள். ஆட்டக்காரர்கள் ஓடிவர ஒரு பக்கம் அகலமான வழி வேண்டும். அந்த வழியில் நாற்காலி போட்டு யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். தலைமை விருந்தினர்கள் அங்கேதான் உட்கார ஆசைப்படுவார்கள்.

முகமூடியையும் கவனிக்க வேண்டும். பாக்மண்டி மலையடிவாரத்துச் சரிதா கிராமத்தில் சூத்ரதார் குடும்பங்கள் களிமண் அச்சின்மேல் காகிதத்தையும் துணியையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது அது. அதைச் சுற்றி மணியும் ஜிகினாவும் இறகும் சேர்ந்த கிரீடம் தோள் அகலத்தையும் தாண்டி நிற்கும். முகமூடியை அணிந்தபடி சாதாரண அறைக் கதவில் நுழைய முடியாது. ஆகவே ஒப்பனை இடத்துக்குக் கதவில்லாத கூடாரமே சரி. கண் துளைகள் சிறியவை என்பதால் முகத்துக்கு நேரே ஒளி அடித்தால் ஆட்டக்காரருக்குக் கண் தெரியாது. பக்கவாட்டிலிருந்து உயரத்தில் வையுங்கள், புகை இயந்திரம் அறவே வேண்டாம். முகமூடியின் முகம் அசையாததால் கோபமும் வீரமும் தோளின் நடுக்கத்திலும் மார்பின் துடிப்பிலும் கழுத்தின் வெட்டிலும்தான் வெளிப்படும். பக்கவாட்டு ஒளியில் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

தாம்சா என்னும் பெரிய முரசுக்கு மைக் தேவையே இல்லை, ஷெனாய்க்கும் பாடுபவருக்கும் மட்டும் கொடுங்கள். பாவுலுக்கோ இதற்கு நேர்மாறான ஏற்பாடு வேண்டும். ஒரு கையில் ஒற்றைத் தந்தி ஏக்தாரா, இடுப்பில் கட்டிய டுக்கி என்னும் சிறு முரசு, காலில் சலங்கை, மூன்றையும் ஒருவரே இயக்கிக்கொண்டு பாடி ஆடுவார். ஸ்டாண்டில் மைக்கை நட்டால் அவரைக் கட்டிப்போட்டதாகும். காதோடு மாட்டும் மைக் ஒன்றும், இடுப்பு உயரத்தில் இசைக்கருவிகளுக்குத் தனி மைக் ஒன்றும் வையுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு விழாக்களுக்கு நள்ளிரவு வரை தளர்வு தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டென்றாலும் அதை நம்பி நிகழ்ச்சி நிரல் போடாதீர்கள். காவல் நிலைய அனுமதியை முன்னதாகவே வாங்கிவிடுங்கள்.

செய்யாற்றங்கரை எழுதியது:

கரோல்பாக் அம்மாவின் கருத்துகளில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனால் நேரத்தைக் குறைத்தால் கலை கெட்டுவிடும் என்பதைப் பொதுவிதியாக ஏற்க மாட்டேன். நான் தெருக்கூத்து ஆடும் குடும்பத்தில் பிறந்தவன். விடிய விடிய ஆடும் கூத்தை நகரத்து விழாக்களில் ஒரு மணி நேரத்துக்கு ஆடியிருக்கிறார்கள், நன்றாகவும் ஆடியிருக்கிறார்கள். கெட்டுப்போன இடங்களில் எல்லாம் நடந்தது ஒன்றுதான்: பதினெட்டாம் போர் முழுவதையும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் திணித்தார்கள். ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குரிய விருத்தத்தையும் தருவையும் அடவையும் குறைக்காமல் ஆடியபோது கூத்து கூத்தாகவே இருந்தது.

சௌ நடனத்துக்கு இது இன்னும் எளிது, ஏனெனில் அது பாலா எனப்படும் தனித்தனிக் கதைகளாகவே ஆடப்படுகிறது. பிள்ளையார் வணக்கத்துக்குப் பின் மகிஷாசுர வதம் ஒன்றை மட்டும் முழுமையாக ஆடச் சொன்னால் அரை மணி நேரம் தாராளம். ஜாத்ரா அப்படியன்று. கொல்கத்தாவின் சித்பூர்ப் பகுதி ஜாத்ராக் கம்பெனிகள் ரத யாத்திரை நாளில் தொடங்கி ஆட்டங்களுக்கு முன்பதிவு வாங்கி, துர்க்கா பூஜைக்குப் பின் ஊர் ஊராகச் சென்று போடும் நாடகங்கள் இன்றும் மூன்று நான்கு மணி நேரம் ஓடும். குடியிருப்பினர் அரை மணி நேரம் நடிப்பதை ஜாத்ரா பாணி என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்காகவேனும் இரண்டைக் கைவிடக் கூடாது என்பேன்: தொடக்கத்தில் ‘கன்சர்ட்’ என்று அவர்கள் அழைக்கும் வாத்திய முழக்கமும், விவேக் என்ற பாத்திரமும். இந்த விவேக் நடுவில் வந்து, அரசன் மறைக்கும் மனசாட்சியைப் பாட்டாகப் பாடிவிட்டுப் போய்விடுவான். நம் கட்டியங்காரனைப் போன்றவன் என்று அவனைத் தமிழருக்கு அறிமுகம் செய்ய ஆசை வரும், ஆனால் அது பாதிதான் பொருந்தும். கட்டியங்காரன் கேலி பேசி ஜனங்களைத் தன் பக்கம் இழுப்பவன், விவேக் யாரையும் சிரிக்க வைப்பதில்லை.

ஜாத்ரா நான்கு பக்கமும் ஆள் சூழ்ந்த களரியில் ஆடுவது. வாத்தியக்காரர்கள் இரு பக்கம் அமர, திரைச்சீலையோ அரங்கப் பொருளோ இல்லாமல், ஒரே ஒரு நாற்காலி சிம்மாசனமாகவும் படுக்கையாகவும் மாறும். உரத்த குரலும் அகன்ற கையசைவும் அதனால் வந்தவை. ஒரு பக்கம் மட்டும் திறந்த உங்கள் பலகை மேடையில் அதே குரல் மிகை நடிப்பாகத் தோன்றும். பார்ப்பவர்கள் நடிகர்களைக் குறை சொல்வார்கள், மேடையைச் சொல்ல மாட்டார்கள். சௌவுக்கு அமைக்கும் அந்த வட்டத்திலேயே ஜாத்ராவையும் போடச் சொல்லுங்கள்.

துவாரகைத் தமிழன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்துக் குழுக் கூட்டத்தில் வாசித்தேன். மேடை நிகழ்ச்சிகளைச் சனிக்கிழமை வழக்கம்போல் நடத்திவிட்டு, ஞாயிறு மாலை 5 மணி முதல் 9 மணி வரை பூங்காவை வட்டக் களத்துக்கு ஒதுக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. அதில் வங்காளத்துக்கு மட்டும் இடம் என்றால் மறுபடியும் சண்டை வரும் என்பதால், பஞ்சாபியர் தங்கள் கித்தா நடனத்தை அங்கேயே ஆடுகிறார்கள், நாங்களும் கும்மியைக் களத்துக்கு மாற்றுகிறோம். கும்மியை இத்தனை நாள் மேடையில் வரிசையாக நின்று ஆடியது எனக்கே இப்போது வேடிக்கையாக இருக்கிறது.

இனி ஒரு சிக்கல்தான் பாக்கி. மயூர்பஞ்சைச் சேர்ந்த ஓர் ஒடியக் குடும்பம், சௌ நடனம் எங்களுடையது, அதை வங்காள நடனம் என்று அறிவிப்பது தவறு என்கிறது. அறிவிப்பை எழுதும் பொறுப்பு என்னுடையது. எப்படி எழுதினால் எவர் மனமும் கோணாது?

பழைய கரோல்பாக் எழுதியது:

உள்ளதை உள்ளபடி எழுதினாலே போதும். சௌ மூன்று மரபாக வாழ்கிறது: மேற்கு வங்கத்தின் புருலியா, ஜார்க்கண்டின் செராய்கேலா, ஒடிசாவின் மயூர்பஞ்ச். முதலிரண்டில் முகமூடி உண்டு, மயூர்பஞ்சில் இல்லை. 2010இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது மூன்றையும் சேர்த்துச் சௌ என்ற ஒரே பெயரில்தான் சேர்த்தது. எனவே ‘புருலியா சௌ’ என்று மாவட்டப் பெயரோடு அறிவியுங்கள், ‘வங்காள நடனம்’ என்று எழுதாதீர்கள். பாவுலுக்கும் இந்தக் கவனம் தேவை. யுனெஸ்கோ பட்டியலில் அது வங்கதேசத்தின் பெயரில் இருக்கிறது, பாடுவதோ எல்லையின் இரு பக்கமும். சௌ அறிமுகத்தை அந்த ஒடியக் குடும்பத்திலேயே ஒருவரை வாசிக்கச் சொன்னால், தங்கள் முகமூடியில்லாத சௌவைப் பற்றியும் அவர்களே இரண்டு வாக்கியம் சேர்த்துக்கொள்வார்கள்.

அறிமுகம் இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம், அதுவும் குழு வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். முதலில் களத்துக்குள் ஓடி வருபவர்கள் முரசுக்காரர்கள். தாம்சா முழங்கியபின் கதையை அங்கே ஜுமுர் என்னும் நாட்டுப்பாட்டுப் பாடுபவரே சொல்லிவிடுவார், அதன் பிறகுதான் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக வரும். நம் சொசைட்டி அறிவிப்பாளர்களுக்கு நடுநடுவே மைக்கைப் பிடித்து விளக்கம் சொல்லும் பழக்கம் உண்டு. அன்று மட்டும் அறிமுகம் முடிந்த கையோடு அந்த மைக்கை ஒலி அமைப்பாளரிடம் வாங்கி வைத்துவிடச் சொல்லுங்கள்.