நெட் போனுக்கு மாறியவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

நானே தொடங்குகிறேன். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன். லேண்ட்லைனை எடுத்துவிட்டு இணையத் தொலைபேசிக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. செலவு நன்றாகக் குறைந்தது. வெளியூர் போனாலும் லேப்டாப்பில் அதே எண் ஒலிக்கும். ஆனால் முதல் மூன்று மாதம் பட்ட பாடு கொஞ்சமில்லை. தினமும் மதியம் மூன்று மணி ஆனால் என் குரல் எதிர்முனையில் துண்டு துண்டாகக் கேட்கும். அவர்கள் பேசுவதோ எனக்குத் தெளிவாக இருக்கும். முக்கியமான பேச்சு பாதியில் நின்றபோதெல்லாம் மனசு நொந்துபோனேன்.

நெட் வேகம் குறைவு என்றுதான் நினைத்தேன். கணக்குப் பார்த்தால் அது காரணமே இல்லை. வழக்கமான ஜி.711 முறையில் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து எண்களாக்குகிறார்கள். அந்த எண்களை 20 மில்லி வினாடிக்கு ஒரு பொட்டலமாக (பாக்கெட்) கட்டி நெட்டில் அனுப்புகிறார்கள், அதாவது நொடிக்கு 50 பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், மேலே ஒட்டும் முகவரி விவரம் 40 பைட். எல்லாம் சேர்த்து நொடிக்கு 80 கிலோபிட்தான். ஒரு வீடியோ பார்க்கவே இதைப் போல் பல மடங்கு வேண்டும்.

சிக்கல், பொட்டலங்கள் வெளியே போகக் காத்து நிற்கும் வரிசையில் இருந்தது. சரியாக மூன்று மணிக்கு என் கம்ப்யூட்டர் தானாகவே பேக்கப்பை அப்லோடு செய்யத் தொடங்கும். ரூட்டரில் அந்தக் கோப்புகளுக்குப் பின்னால் என் குரல் காத்து நிற்கும். கோப்பு இரண்டு வினாடி தாமதமானால் ஒன்றும் கெட்டுப்போகாது. குரல் அப்படியில்லை. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். பொட்டலங்கள் முன்பின்னாக வருவதைச் சீராக்க எதிர்முனைக் கருவி கொஞ்சம் சேர்த்து வைத்துத்தான் ஒலிக்கவிடும். அதையும் தாண்டிப் பிந்தி வரும் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடும். அந்த இடத்தில்தான் குரல் உடைகிறது.

பேக்கப்பை இரவுக்கு மாற்றினேன். ரூட்டரில் போனுக்கு முன்னுரிமை கொடுத்தேன். போனை வைஃபையிலிருந்து கேபிளுக்கு மாற்றினேன். அதோடு தொல்லை விட்டது.

*

எனக்கு வேறு மாதிரி. மணி அடிக்கும், எடுப்பேன், நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கவே கேட்காது. நெட் போனில் அழைப்பை ஏற்படுத்துவது எஸ்ஐபி என்ற நெறிமுறை, குரலைச் சுமப்பது ஆர்டிபி என்ற நெறிமுறை, இரண்டும் தனித்தனி. என் போன் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரியை எதிர்முனைக்குச் சொல்லிவிட்டது, குரல் எங்கோ போய்க்கொண்டிருந்தது. ரூட்டரில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்று ஒரு வசதி உண்டு. இதைச் சரிசெய்யத்தான் வைத்திருக்கிறார்கள், என் ரூட்டரில் அதுவே குழப்பியது. அணைத்ததும் சரியானது. ஒரு பக்கம் மட்டும் கேட்டால் முதலில் அதைப் பாருங்கள்.

*

நீங்கள் இருவரும் சொன்னவை பேசும்போது வரும் தொல்லை. எங்கள் வீட்டில் பேசவே முடியாமல் போனது. ஒரு இரவு கரன்ட் போனபோது அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். போனை எடுத்தேன், சத்தமே இல்லை. செல்போனிலும் சார்ஜ் இல்லை. இருட்டில் ஓடிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிய அந்த ஐந்து நிமிடம் இன்னும் மறக்கவில்லை. அம்மாவுக்குக் கையில் எலும்பு முறிவோடு போனது.

பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே, அங்குள்ள பேட்டரி வழியாக, 48 வோல்ட் மின்சாரம் வரும். வீட்டில் கரன்ட் போனாலும் போன் வேலை செய்யும். நெட் போனிலோ மோடம், ரூட்டர், போனை நெட்டோடு இணைக்கும் அடாப்டர் மூன்றும் உயிரோடு இருந்தால்தான் போன். இப்போது மூன்றையும் சிறிய யூபிஎஸ்ஸில் இணைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவசர உதவி எண்ணை அழைத்தால், பல சேவைகளில் நாம் பதிந்து வைத்த முகவரிதான் அவர்களுக்குப் போகும். போன் இப்போது எங்கே இருக்கிறது என்பது தானாகத் தெரியாது. வீடு மாறியவர்கள், அடாப்டரைப் பெற்றோர் வீட்டுக்கு எடுத்துப் போனவர்கள், இன்றே முகவரியை மாற்றிவிடுங்கள்.