டார்ச்சை அணைத்தாலும் தங்க இலை விழுகிறது: ஒளிமின் விளைவு சோதனையில் உதவி தேவை

டர்பன் டியூஷன்:
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் என் வீட்டு கராஜில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் ஒளிமின் விளைவைக் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று மின்னூட்டம் இருந்தால் இலை விரிந்து காட்டும் பழைய தங்க இலை மின்காட்டி ஒன்றை வாங்கி, அதன் தலையில் துத்தநாகத் தகட்டை வைத்தேன். பிவிசி குழாய்த் துண்டைக் கம்பளியில் தேய்த்து எதிர்மின்னூட்டம் கொடுத்ததும் இலை நன்றாக விரிந்தது. கள்ள நோட்டு பார்க்கிற புறஊதா டார்ச்சை அடித்தேன். ஒரு நிமிடத்துக்குள் இலை படுத்துவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் பூரித்துப்போனேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், "சார், டார்ச்சை அணைச்சிட்டு ஒரு தடவை பாருங்க" என்றாள். அணைத்தேன். அதே ஒரு நிமிடம், அதே மாதிரி விழுந்தது. மானம் போச்சு. எங்கே தப்பு?

ஈரக்காற்று:
பிப்ரவரிக் கோடைப் புழுக்கத்தில் டர்பனில் இந்தச் சோதனையா, சார்? தண்டைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் அடைப்பானில் ஈரம் படிந்து, அது வழியாக மின்னூட்டம் கசியும். அடைப்பானை ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். விரல் படக்கூடாது. வியர்வை உப்பு அதைவிட மோசம்.

லேப் அக்கா:
ஈரம் இருக்கலாம். ஆனால் அந்த டார்ச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள் தம்பி. அதன் ஒளி 365 அல்லது 395 நானோமீட்டராக இருக்கும், ஒரு ஃபோட்டானுக்கு 3.4 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டாது. துத்தநாகத்தின் வெளியேற்று ஆற்றல், அதாவது எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையானது, சுமார் 4.3. டார்ச்சை விடிய விடிய அடித்தாலும் எலக்ட்ரான் வராது. 290 நானோமீட்டருக்குக் கீழே போகவேண்டும். கிருமி கொல்லும் 254 நானோமீட்டர் விளக்கு சரியாக வரும், அது 4.9. அப்புறம் தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்த கையோடு செய்யுங்கள், ஆக்சைடு படிந்தால் வேலை செய்யாது.

இன்னொன்று. நேர்மின்னூட்டம் கொடுத்துப் பாருங்கள். குழாயைத் தொடாமல் பக்கத்தில் பிடித்து, தகட்டை விரலால் ஒரு கணம் தொட்டு, விரலை எடுத்தபின் குழாயை எடுக்கவேண்டும். எலக்ட்ரான் வெளியேறினால் நேர்மின்னூட்டம் குறையாது, அதனால் அப்போதும் விழுந்தால் ஒளிக்குச் சம்பந்தமே இல்லை.

டர்பன் டியூஷன்:
செய்தேன் அக்கா. நேர்மின்னூட்டத்திலும் அதே வேகத்தில் விழுகிறது. டிரையர் காட்டியும் மாற்றமில்லை. ஆனால் மின்காட்டியை மட்டும் வீட்டுக் கூடத்துக்கு எடுத்துப்போனால் அரை மணி நேரம் விரிந்தே நிற்கிறது! வெளியே அதே ஈரம்தான். இன்னொரு வேடிக்கை: கராஜில் மின்விசிறி ஓடினால் மூன்று நிமிடம் தாங்குகிறது, கதவைச் சாத்தி விசிறியை நிறுத்தினால் ஒரு நிமிடம்கூட இல்லை.

மெரிபேங்க் வெல்டர்:
தம்பி, கராஜ் என்கிறீர்களே, டிக் (TIG) வெல்டிங் குச்சி ஏதாவது கிடக்கிறதா? சிவப்பு முனைக் குச்சியில் 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு இருக்கும், கதிரியக்கம் உள்ளது. எலக்ட்ரான் சுலபமாக வெளியே வரட்டும் என்று டங்ஸ்டனில் கலப்பது. நாற்பது வருஷம் அதைத்தான் தீட்டினேன், தூசியை மூக்கில் ஏற்றாதே என்று கடைசி காலத்தில்தான் சொன்னார்கள்.

டர்பன் டியூஷன்:
குச்சி இல்லை அண்ணா. மேசையில் இருப்பது மின்காட்டி, குழாய், கம்பளி, டார்ச். டார்ச்சை உயரத்தில் வைக்க மூடி தொலைந்த பிஸ்கட் டின் ஒன்று, தகட்டுக்கு நாலு விரல் தள்ளி. உள்ளே தாத்தாவின் பெட்ரோமாக்ஸ் சாமான்: ஊசி, வாஷர், பழைய மேன்டில் (விளக்கில் ஒளிரும் துணி வலை) ஒரு டஜன்.

லேப் அக்கா:
அகப்பட்டது திருடன்! அந்தக் காலத்து மேன்டிலில் இருப்பது பெரும்பாலும் தோரியம்தான். தோரியம் வரிசையாகச் சிதையும்போது தோரான் என்ற வாயு வரும். 56 நொடியில் பாதி அழிந்துவிடும், அதற்குள் துணியிலிருந்து வெளியே வந்து காற்றை அயனியாக்கிவிடும், அதாவது மின்னூட்டம் உள்ள துகள்களாக்கிவிடும். அயனி நிறைந்த காற்று எந்த மின்னூட்டத்தையும் தின்றுவிடும். உங்கள் விசிறி அந்த வாயுவை அள்ளிக்கொண்டு போகிறது, கதவைச் சாத்தினால் சேர்ந்துவிடுகிறது. 1899-இல் மான்ட்ரியாலில் ஓவன்ஸ், ரூதர்ஃபோர்டு என்ற இரண்டு விஞ்ஞானிகளும் இதே கூத்தில்தான் மாட்டினார்கள். தோரியத்தின் கதிரியக்க அளவீடு காற்று வீசினால் மாறுகிறதே என்று குழம்பி, அதைத் துரத்திப் போய்த்தான் இந்த வாயுவைக் கண்டார்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் தோரியம் உள்ள மணலை ஒரு காலத்தில் ஜெர்மனிக்குக் கப்பலேற்றியதும் இந்த மேன்டிலுக்காகத்தான்.

டர்பன் டியூஷன்:
டின்னை வெளியே கொண்டுபோய் வைத்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் தாங்குகிறது! ஆனால் கூடத்தில் நின்ற அளவுக்கு இல்லை.

லேப் அக்கா:
தோரான் சிதைந்து வரும் ஈயம்-212 என்ற கதிரியக்க ஈயம் பக்கத்தில் உள்ள பொருள்கள்மேல் படியும், எதிர்மின்னூட்டம் உள்ள தகட்டின்மேல் இன்னும் ஆசையாக. அதற்குப் பாதி ஆயுள் 10.6 மணி. தேய்த்தால் அது தூசியாகப் பறக்கும், உப்புத்தாளை இப்போது எடுக்காதீர்கள், இரண்டு நாள் விட்டுப் பிடியுங்கள்.

டர்பன் டியூஷன்:
இரண்டு நாள் கழித்து 254 விளக்கோடு செய்தேன். அட்டைப்பெட்டிக்குள் விளக்கு, தகட்டைப் பார்த்து ஒரு துளை மட்டும், யார் கண்ணிலும் படாமல். எதிர்மின்னூட்டத்தில் இலை சில நொடியில் சரிந்தது. நடுவே ஜன்னல் கண்ணாடித் துண்டை நீட்டினேன், அந்தப் புறஊதாவைக் கண்ணாடி தடுத்துவிட, அப்படியே நின்றது. எடுத்தேன், மறுபடி சரிந்தது. நேர்மின்னூட்டத்தில் அசையவே இல்லை. கடைசி வரிசைப் பெண்தான் கண்ணாடியைப் பிடித்தாள்.

விடுவாளா? "அந்த மேன்டில் மேலே லைட் அடிச்சா கதிரியக்கம் கூடுமா?" என்று அடுத்த கேள்வி.

லேப் அக்கா:
கூடாது. ஒளி தட்டிவிடுவது அணுவுக்கு வெளிப்புறம் உள்ள எலக்ட்ரானை, கதிரியக்கம் வருவது கருவிலிருந்து. சுத்தமான தோரிய உலோகத்தில் ஒளிமின் விளைவு உண்டு, 3.4 எலக்ட்ரான் வோல்ட் போதும், ஆனால் அதனால் அதன் சிதைவு ஒரு நொடிகூட முந்தாது. கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த பெக்கெரலும் முதலில் அவளைப்போலத்தான் நினைத்தார், யுரேனிய உப்பு வெயில் வாங்கித்தான் கதிர் விடுகிறது என்று. 1896 பிப்ரவரி கடைசியில் பாரிஸில் வெயில் இல்லை. உப்பையும் ஃபோட்டோத் தட்டையும் மேசை இழுப்பறைக்குள் போட்டுவைத்தார். மார்ச் 1-ஆம் தேதி கழுவிப் பார்த்தால் படம் அழுத்தமாக விழுந்திருந்தது.

மெரிபேங்க் வெல்டர்:
மேன்டிலைக் கிழிக்காதே, எரிக்காதே தம்பி. சாம்பல் மூச்சில் போகும். இறுக்கமான மூடி உள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு, பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வை.

டர்பன் டியூஷன்:
ஜாடி கிடைத்தது அண்ணா. அம்மாவின் மாங்காய் ஊறுகாய் ஜாடி. அவங்களுக்கு இன்னும் சொல்லவில்லை.