கேமரா ஹவுசிங்குக்குள் ஆவி படிகிறது: சிலிக்கா ஜெல்லா, ஏசி அறையா?

பவழன்:
மஸ்கட்டிலிருந்து எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை பக்கத்துக் கடலில் உள்ள தைமானியத் தீவுகளில் ஸ்கூபா டைவ். படகிலேயே கேமராவை பாலிகார்பனேட் ஹவுசிங்கில் (தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெட்டி) போட்டு மூடினேன். மேலே 35 டிகிரி, பிசுபிசுவென்று ஈரக்காற்று. கீழே குளிர்ந்த நீர் அடுக்குக்குள் போனதும் டைவ் கம்ப்யூட்டர் 23 என்று காட்டியது. கொஞ்ச நேரத்தில் முன்கண்ணாடியின் உட்புறம் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம், அது மெல்லப் பெரிதாகிக்கொண்டே போனது. அழுங்காமை ஒன்று கை எட்டும் தூரத்தில் பாசியை மேய்ந்துகொண்டிருந்தது. எடுத்த வீடியோ முழுக்கப் பால் ஊற்றியது போல இருக்கிறது. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு இருந்தன. தண்ணீர் கசியவில்லை. பொட்டலத்தைக் கூட்ட வேண்டுமா?

நீர்மட்டம்:
கூட்ட வேண்டாம், இருப்பதையும் எடுத்துவிடுங்கள். 35 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 28 கிராம் நீராவி. 23 டிகிரி காற்றால் 20 கிராமுக்குக் கொஞ்சம் மேல்தான் தாங்க முடியும். மிச்சம் எங்கே போகும்? உள்ளே இருப்பதில் எது அதிகக் குளிர்ச்சியோ அதன் மேல் படியும். உங்கள் ஹவுசிங்கில் அது முன்கண்ணாடி. ஏசி அறையில் 23 டிகிரி, 50 சதவீதம் என்றால் கனமீட்டருக்கு 10 கிராம்தான். அந்தக் காற்றை அடைத்துக்கொண்டு போனால் தண்ணீர் 12 டிகிரிக்கு இறங்கினால்தான் ஆவி படியும். ஓமான் கடலில் நாம் டைவ் அடிக்கும் ஆழத்தில் அப்படி ஒரு குளிரைப் பார்க்க மாட்டீர்கள். பொட்டலத்தின் ஓரம் ஓ-ரிங்கில் (தண்ணீர் புகாமல் மூடியை அடைக்கும் ரப்பர் வளையம்) லேசாக மாட்டினாலே ஹவுசிங் நிறையத் தண்ணீர். ஆவியை விட அந்த ஆபத்து பெரியது.

ஆழிமகன்:
கணக்கு சரி நண்பரே, ஆனால் அது காற்றை மட்டும் பார்க்கும் கணக்கு. அந்தச் சின்னப் பெட்டியில் இருக்கும் காற்று 300 மில்லி என்று வையுங்கள். அதில் உள்ள நீர் 8 மில்லிகிராம். தலைமுடியிலிருந்து விழும் ஒரே ஒரு சொட்டு சுமார் 50 மில்லிகிராம்! பாலிகார்பனேட்டும் தன் எடையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். கால் கிலோ பெட்டி என்றால் அதுவே சில நூறு மில்லிகிராம். 4கே வீடியோ ஓடி கேமரா சூடானால் அந்த ஈரத்தில் கொஞ்சம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஏசி அறையில் ஐந்து நிமிடம் வைத்து மூடினால் இதெல்லாம் காய்ந்துவிடுமா? காயாது. வந்துகொண்டே இருக்கும் ஈரத்தைப் பிடிக்க உள்ளே ஜெல் இருந்தே ஆக வேண்டும்.

பவழன், உங்கள் பொட்டலம் எங்கிருந்து வந்தது? ஷூ பெட்டியில் கிடந்தது என்றால் அது எப்போதோ ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும்.

பவழன்:
ஹவுசிங் வாங்கியபோதே வந்தது. அதன் பிறகு கேமரா பைக்குள் சும்மாதான் கிடந்தது.

ஆழிமகன்:
அப்படியென்றால் அது வெறும் மணல் மாதிரிதான். ஈரம் ஏறினால் நிறம் மாறும் ஆரஞ்சு மணிகளை வாங்குங்கள். கரும்பச்சையானால் வேலை முடிந்தது என்று அர்த்தம். மணிகளைத் தட்டில் பரப்பி ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழையபடி ஆகிவிடும். சூட்டைக் கூட்டிவிடாதீர்கள், நிறம் காட்டும் சாயம் கெட்டுவிடும். ஆறியதும் காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு வையுங்கள். நீல மணி வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, கையாள நல்லதல்ல. காய்ந்த ஜெல் ஒரு கிராம் 100 மில்லிகிராம் ஈரத்தைத் தாராளமாகப் பிடிக்கும். ஒரு பொட்டலம் போதும்.

நீர்மட்டம்:
பிடிக்கும், ஆனால் மெதுவாக. படகில் மூடி உடனே குதிப்பவருக்கு எந்த ஜெல்லும் உதவாது. பெட்டி ஈரத்தைக் குடித்திருக்கிறது என்றால் முந்தின இரவு கேமராவையும் ஹவுசிங்கையும் திறந்தபடி ஏசி அறையில் போட்டு வையுங்கள், காலையில் அங்கேயே மூடுங்கள். அப்புறம் திறக்கவே கூடாது. வெயிலிலும் வைக்கக் கூடாது, ஈரத் துண்டில் சுற்றி நிழலில் வையுங்கள்.

ஆழிமகன்:
திறக்கவே கூடாதா? இரண்டு டைவ் போகிறவர் நடுவில் பேட்டரி மாற்ற மாட்டாரா? 23 டிகிரி தண்ணீரிலிருந்து எடுத்த ஹவுசிங்கைப் படகில் உடனே திறந்தால் கண்ணாடியில் மட்டுமல்ல, கேமரா லென்ஸிலேயே ஆவி படியும். ஹவுசிங் வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். தலை, கை எல்லாம் துடைத்துவிட்டுத் திறந்து, பேட்டரியோடு புது ஜெல் பொட்டலத்தையும் மாற்றி உடனே மூட வேண்டும். அடுத்த டைவுக்கு முன் மேலே தங்கும் நேரம் ஒரு மணிக்குக் குறையாது, ஜெல் மெதுவாக வேலை செய்ய அது போதும். ஏசி அறையைப் படகில் ஏற்ற முடியாது.

குமரிக்கடல்:
இடையில் ஒன்று. நான் வைத்திருப்பது அலுமினிய ஹவுசிங். உலோகச் சுவர் முன்கண்ணாடிக்கு முன்பே குளிர்ந்துவிடுவதால் ஈரம் சுவரில் படிகிறது, படம் தப்பிக்கிறது. வேக்குவம் பம்ப்பால் உள்காற்றில் கால் பங்கை இழுத்தால் ஈரமும் கால் பங்கு குறையும், கசிவு இருந்தால் கரையிலேயே தெரிந்துவிடும். ஜெல் போடுகிறவர்கள் பொட்டலம் வால்வு வாயை அடைக்காதபடி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

நீர்மட்டம்:
டேப் போட்டு ஒட்டுவதாக இருந்தால் ஓ-ரிங் பற்றிய என் பயம் பாதி குறையும். பேட்டரி மாற்றும் நாளில் ஜெல் என்பதையும் ஏற்கிறேன். ஒரே டைவ் என்றால் ஏசி அறையில் மூடியதோடு விடுங்கள், உள்ளே எதுவும் வேண்டாம் என்றுதான் இப்போதும் சொல்வேன். பவழன், இன்னொன்று. ஆவி என்றால் கண்ணாடியில் மெல்லிய படலமாக வரும். ஹவுசிங்கின் அடியில் தண்ணீர் தேங்கி ஆடினால் அது கசிவு. டைவை முடித்துக்கொண்டு, எப்போதும் போல பாதுகாப்பு நிறுத்தம் (மேலே வரும் வழியில் சில நிமிடம் நிற்பது) செய்துவிட்டு, கசியும் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டு வாருங்கள்.

பவழன்:
ஆரஞ்சு மணிக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். வரும் வெள்ளி இரண்டு டைவ். முதல் டைவுக்கு அறையில் மூடிக்கொண்டு ஜெல் இல்லாமல், இரண்டாவதுக்குப் படகில் புது ஜெல்லோடு. இரண்டு வீடியோவையும் இங்கே போடுகிறேன்.

ஆழிமகன்:
முதல் டைவின் நீர் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். 28 டிகிரியிலேயே முடிந்த டைவை வைத்து ஏசி ஜெயித்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.