டர்ஹாம் புல்ஸ் ஆட்டம் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கேரிவாசி:

அமெரிக்காவின் வட கரோலினாவில், ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் என்ற தொழில்நுட்பப் பூங்காவின் வேலையை நம்பி ராலே, கேரி, மாரிஸ்வில் பக்கம் குடியேறிய தமிழர்கள் நிறைய இருக்கிறோம். வந்த புதிதில் அலுவலகத்தில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகும் இடங்களில் ஒன்று, பக்கத்து ஊரான டர்ஹாமின் பேஸ்பால் அணியான டர்ஹாம் புல்ஸின் மைதானம். நானும் அப்படித்தான் முதலில் போனேன். பேஸ்பால் விதி ஒன்றும் தெரியாது. பிறகு விதிகள் புரிந்தன, அந்த அணியின் கதையும் தெரியவந்தது. அப்புறம் விட முடியவில்லை.

மைனர் லீக் என்றால் என்ன என்று புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் ஆடும் ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே படிப்படியாகச் சில அணிகள் உண்டு. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் யார் எங்கே ஆடுவது என்று முடிவு செய்வதும் பெரிய அணிதான். மேல்படிக்கு ட்ரிபிள் ஏ என்று பெயர். புல்ஸ் 1998 முதல் அந்தப் படியில், ஃபுளோரிடாவின் டாம்பா பே அணிக்குக் கீழே ஆடுகிறது. நேற்று இங்கே ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தவர் இன்று டாம்பா பே அணியில் இருப்பார். அப்படியிருக்க, ஊர்க்காரர்கள் யாரை நம்பி இந்த அணியைத் தங்கள் அணி என்கிறார்கள்? என் பதில்: புல்ஸ் என்றால் காளைகள், அந்தக் காளையை நம்பித்தான். ஆட்கள் வருவார்கள், போவார்கள். காளை அந்த ஊருடையது.

புகையிலைக் கட்டிடத்துக்காரன்:

காளை எங்கிருந்து வந்தது என்று நான் சொல்கிறேன். மைதானத்தை ஒட்டியுள்ள பழைய அமெரிக்கன் டொபாக்கோ தொழிற்சாலை வளாகத்தில்தான் என் அலுவலகம். 1865 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், டர்ஹாமுக்குப் பக்கத்தில் பென்னட் பிளேஸ் என்ற பண்ணை வீட்டில் தெற்குப் படைத்தளபதி ஜான்ஸ்டன், வடக்கின் ஷெர்மனிடம் சரணடைந்தார். பேச்சுவார்த்தை நடந்த நாட்களில் இரு தரப்புச் சிப்பாய்களும் ஜான் கிரீன் என்பவரின் கிடங்கில் இருந்த புகையிலையை அள்ளிக்கொண்டு போனார்கள். ஊருக்குத் திரும்பியதும் அதே புகையிலை வேண்டும் என்று கடிதம் போட்டார்கள். கிரீன் தன் சரக்குக்கு ஓர் அடையாளம் தேடியபோது, இங்கிலாந்திலிருந்து வந்த கடுகு டப்பாவில் இருந்த காளைத்தலை அவருக்குப் பிடித்துப்போனது. அப்படி வந்ததுதான் 'புல் டர்ஹாம்' புகையிலை. ஊருக்கே 'புல் சிட்டி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

1902ல் ஊரில் அணி தொடங்கியபோது அதற்குப் புகையிலைக்காரர்கள் என்றுதான் பெயர். 1913லிருந்து புல்ஸ். 1926ல் புது மைதானம் திறந்த அன்று, பேஸ்பால் ஆணையரான நீதிபதி லேண்டிஸ் உயிருள்ள காளை மேல் ஏறி மைதானத்துக்குள் வந்தார்!

1987ல் இந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. பல வருடம் ஜன்னல் உடைந்து கிடந்த இடத்தில் இன்று அலுவலகங்களும் உணவகங்களும் நடுவே ஓடும் நீரோடையுமாக இருக்கிறது. லக்கி ஸ்ட்ரைக் என்ற சிகரெட்டின் பெயர் எழுதிய புகைபோக்கியை அப்படியே விட்டிருக்கிறார்கள். புல்ஸ் அணியின் உரிமையாளரான கேபிடல் பிராட்காஸ்டிங் நிறுவனம்தான் இதைச் செய்தது. மாலையில் ஆட்டம் இருக்கும் நாட்களில் வேலை முடிந்து தெருவைக் கடந்தால் போதும், மைதானம் வந்துவிடும்.

டியூக் பழைய மாணவி:

என் அப்பா மதுரையிலிருந்து வந்திருந்தபோது அழைத்துப் போனேன். இடதுபுறச் சுவரின் மேல் நிற்கும் பெரிய மரக்காளையைப் பார்த்ததும் அவருக்கு ஒரே உற்சாகம். பந்து காளை மேல் பட்டால் ஸ்டேக் என்ற மாட்டிறைச்சி உணவு பரிசு, கீழே உள்ள புல்தரை மேல் பட்டால் சாலட் என்று எழுதியிருக்கும். அப்பா சைவம். "பரவாயில்லையே, நமக்கும் ஒண்ணு வெச்சிருக்கான்" என்றார். நம் ஆள் ஹோம் ரன் அடித்ததும் காளையின் கண் சிவந்து, வால் ஆடி, மூக்கிலிருந்து புகை வந்தது. எழுந்து நின்று கைதட்டினார்.

இந்தக் காளைப் பலகை முதலில் ஒரு சினிமாவுக்காகச் செய்ததுதான். 1988ல் வந்த 'புல் டர்ஹாம்' படத்தைப் பழைய மைதானத்தில் எடுத்தார்கள். இயக்குநர் ரான் ஷெல்டன் தானே மைனர் லீக்கில் ஆடியவர். படப்பிடிப்பு முடிந்தும் பலகையை ஊர் விடவில்லை. படத்தின் நாயகன் பெயர் கிராஷ் டேவிஸ். 1948ல் புல்ஸ் அணிக்கு அதே பெயரில் நிஜமாகவே ஒருவர் ஆடியிருக்கிறார்!

ஆனால் 1971க்குப் பிறகு எட்டு வருடம் புல்ஸ் என்ற அணியே இல்லாமல் இருந்தது தெரியுமா? மைல்ஸ் வுல்ஃப் என்பவர் சுமார் 2,500 டாலருக்கு உரிமத்தை வாங்கி 1980ல் மறுபடி தொடங்கினார். அவர் துணியாமல் இருந்திருந்தால் அந்தப் படமும் இல்லை, 1995ல் திறந்த இப்போதைய மைதானமும் இல்லை.

ராலே ஆசிரியர்:

எல்லோரும் சந்தோஷமான பக்கத்தைச் சொல்கிறீர்கள், சரி. இன்னொரு பக்கத்தையும் சேர்க்க வேண்டும். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் டர்ஹாமிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். சிறுவயதில் பழைய மைதானத்தில் அவருக்குத் தனி நுழைவாயில், தனி இருக்கைகள். புல்ஸ் அணியில் கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆடத் தொடங்கியது 1957ல். பப்பா மார்ட்டன் அவர்களில் ஒருவர். 1963ல் ஜோ மார்கன் என்ற இளைஞர் இங்கே ஆடினார். பின்னால் சின்சினாட்டிக்கு ஆடி 1975, 1976 இரண்டு வருடமும் லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கிய அதே மார்கன்தான். 18 என்ற அவருடைய எண்ணை இன்று புல்ஸில் வேறு யாரும் போட முடியாது. அந்த எண்ணைக் காட்டித்தான் பெரியவர் என்னிடம் இதையெல்லாம் சொன்னார். "இந்த அணி என்னுடையதும்தான்" என்றார். அணியின் பெருமை பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டாம்பா ரசிகன்:

ஃபுளோரிடாவில் இருக்கிறேன். டாம்பா பே அணியில் புகழ்பெற்ற லாங்கோரியா, டேவிட் பிரைஸ், பிளேக் ஸ்னெல் எல்லோரும் டர்ஹாம் வழியாக வந்தவர்கள்தான். 2009, 2017, 2022 மூன்று முறையும் ட்ரிபிள் ஏ தேசியச் சாம்பியன் புல்ஸ். இந்தக் கோடையில் அங்கே வருகிறேன். எங்கே உட்கார்ந்தால் நன்றாக இருக்கும்?

கேரிவாசி:

ஆசிரியர் சொன்னதை நானே முதலில் எழுதியிருக்க வேண்டும், நன்றி. டாம்பா ரசிகரே, முதல் பேஸ் பக்கம் டிக்கெட் எடுங்கள், காளை நேர் எதிரே தெரியும். கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுங்கள். பழைய மைதானமும் அருகில் இன்னும் நிற்கிறது, அதையும் பார்த்துவிட்டு வரலாம். தேதி சொன்னால் நானும் குடும்பத்தோடு வருகிறேன்.