பவுடர் கோட்டிங் கிரில்லில் மாவு உதிர்கிறது, மூலைகளில் கொப்புளம்: உதவி தேவை

கேள்வி

வணக்கம். திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கத்திலேயே வீடு. பால்கனியில் இரும்பு கிரில், கறுப்பு பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு) போட்டு மூன்று வருடம் ஆகிறது. வெயில் படும் பக்கம் வெளுத்துவிட்டது. துடைத்தால் துணியில் சாம்பல் மாதிரி மாவு ஒட்டுகிறது. போன வாரம் ஒரு பெயின்ட் கறையை எடுக்கத் தின்னர் தொட்டுத் துடைத்தேன், அந்த இடமே மங்கிப்போனது. வெல்டிங் மூலைகளில் சின்னச் சின்னக் கொப்புளமும் துருவும் வேறு. மொத்தமாகக் கழற்றி மறுபடி கோட்டிங் போடச் சொல்கிறார் பட்டறைக்காரர். அப்பா ஓய்வுபெற்ற பணத்தில் போட்டது, மனது கேட்கவில்லை. வேறு வழி உண்டா?

பதில்

கழற்ற அவசரப்படாதீர்கள். மாவு உதிர்வது வெயில் கோட்டிங்கின் மேல்பரப்பை அரிப்பதால். வெளியே போடும் கிரில்லுக்கு பாலியஸ்டர் பொடிதான் சரி. எபாக்சி பொடி வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். எது போட்டார் என்று பட்டறையில் கேளுங்கள். பளபளப்பான கோட்டிங் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, கார் பாலிஷை ஒரு மூலையில் போட்டுப் பார்த்து, அப்புறம் வாக்ஸ் தடவலாம். மேட் என்றால் பாலிஷே வேண்டாம், திட்டுத் திட்டாக மினுங்கும். தின்னர் பட்ட இடம் பழையபடி வராது. இனி தின்னர், கம்பி நார், பாத்ரூம் ஆசிட் எதுவும் கிட்டே போகக் கூடாது.

கொப்புளம்தான் உண்மையான கவலை. பொடி மின்னேற்றத்தில் ஒட்டுவதால் உள்மூலைகளுக்குள் சரியாகப் போகாது. அங்கே கோட்டிங் மெலிந்திருக்கும், உப்பு முதலில் அங்கேதான் நுழையும். தளர்ந்ததை எல்லாம் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை எமரி தாளால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அன்றைக்கே ஜிங்க் பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்துவிட வேண்டும், ஒரு ராத்திரி விட்டாலும் கடல் காற்றில் துரு திரும்பிவிடும். மேலே அதே நிறத்தில் இரண்டு கோட் பெயின்ட்.

கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணா. எங்களுடையது மேட்தான், நல்லவேளை பாலிஷ் வாங்கவில்லை. ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்த்ததில் நான்கு மூலைகளில் மட்டும் கோட்டிங் பெயர்ந்தது. ஞாயிறு காலை உட்கார்ந்து முடித்துவிடுகிறேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

பதில்

கடலோரம் என்பதால் மாதம் ஒருமுறை வெறும் தண்ணீர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாத்திரம் தேய்க்கும் லிக்விட் சில சொட்டு கலந்த தண்ணீர், மெத்தென்ற ஸ்பாஞ்ச். வெயில் ஏறுமுன் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும், இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டு படியும்.

இன்னொன்று: வெளிப்பக்க உப்பை மழை கழுவிவிடும். சன்ஷேடுக்குக் கீழே மழை படாத கம்பிகளில்தான் உப்பு தங்கிக்கொண்டே இருக்கும். அழுக்கே தெரியாவிட்டாலும் அந்தப் பக்கத்தை முதலில் கழுவுங்கள்.