புனுவேலின் கடைசிக் காட்சிக்கு விளக்கம் தேவை

ஸ்பானிய இயக்குநர் லூயி புனுவேல் 1977இல் எடுத்த தம் இறுதிப் படமான ‘தட் அப்ஸ்கியூர் ஆப்ஜெக்ட் ஆஃப் டிசையர்’ பற்றி வெள்ளவத்தையில் எங்கள் வாசகர் வட்டத்தில் வரும் ஞாயிறு நான் பேச வேண்டும், முடிவுதான் பிடிபடவில்லை.

பாரிஸ் கடையொன்றின் கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண் இரத்தக்கறை படிந்த லேஸ் துணியின் கிழிசலைத் தைக்கிறாள்; முதியவர் மத்தியூ மெய்மறந்து பார்க்கிறார்; பிறகு தாம் ஆசைப்படும் இளம்பெண் கொன்சித்தாவுடன் அவர் நடந்து செல்கையில் குண்டு வெடித்துத் திரை நெருப்பாகிறது.

உபதலைப்புகளுடன் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கொன்சித்தாவாக மாறி மாறி வரும் கரோல் பூக்கே, ஆங்கெலா மொலினா இருவரில் யார் எப்போது தோன்றுகிறார் என்று குறித்தும் பார்த்தேன், ஒழுங்கேதும் தென்படவில்லை. முதுமையின் ஆசைக்குக் கிடைத்த தண்டனை என்று முடித்துவிட மனம் ஒப்பவில்லை, ஏனெனில் இத்தகைய தாக்குதல்கள் படத்தில் முன்பே பலமுறை நிகழ்கின்றன.

தைக்கப்படும் அந்தத் துணியை அடுத்து வரும் வெடிப்போடு நீங்கள் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்கிறீர்கள்?